விசில் ஊதியவர்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய பையன், பள்ளியில் ஆடியது வாலிபால். அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பெங்களூருவும் பயிற்சியாளர் சத்தியநாராயணாவும் பிறகுதான்.

கல்லூரி பி.டி. மாஸ்டர்கள் பாடு இன்னும் சிரமம். ஓட்டக்காரன் தேறிவரும்போது மூன்று வருடப் படிப்பு முடிந்துவிடும். புதுப் பையன்களோடு மறுபடி முதல் சுற்று. முப்பது வருடம் இப்படி நிற்பவருக்குப் பதக்க மேடையில் இடம் கிடையாது. உங்களை ஓடவைத்தவரின் எண் இருந்தால், இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.