எட்டு ரூபாய்த் துணிச்சல்

பார்சல் தொலையும். இந்த மாதம் தப்பித்தால் வருகிற தீபாவளி நெரிசலில் தொலையும். ஓமலூர் கடைவீதியில் நீங்கள் ஒட்டிக் கொடுக்கிற ஒரு கவர் கவுகாத்தி போய்ச் சேர்வதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கவுன்ட்டரில் ஒருவர் வாங்குகிறார். சாயங்காலம் வேன் வந்து மூட்டையாக அள்ளிப் போகிறது. சேலத்தில் பிரித்து பெங்களூரு மூட்டையில் போட்டுக் கட்டுகிறார்கள். ராத்திரி லாரி தொப்பூர் கணவாய் ஏறுகிறது. அதற்கப்புறம் எந்தக் குடோன், எந்த ரயில், எந்த டெலிவரிப் பையன் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை கைகளில் ஒன்று தவறினால் அதில் உங்கள் குற்றம் என்ன இருக்கிறது?

ஆனால் ஒரு பார்சல் காணாமல் போனதும் நம் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே! இளம்பிள்ளையில் தறிக்காரரிடம் சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிற பெண். “அக்கா, ஆறு நாளா ட்ரான்சிட்னே காட்டுதுங்க, எப்பங்க வரும்?” என்று கேட்டு ஒரு மெசேஜ் வருகிறது. அவள் பதில் போடுவதில்லை. போனைக் கவிழ்த்து வைக்கிறாள். மறுநாளும் கவிழ்த்து வைக்கிறாள். மூன்றாவது நாள் அந்த வாடிக்கையாளர் “ஏமாத்துக்காரி” என்று நாலு குரூப்பில் எழுதுகிறார். வீட்டில், “அப்பவே சொன்னேன், இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று ஆரம்பிக்கிறார்கள். எண்ணூறு ரூபாய்ச் சேலை போனதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஒரு தொழிலையே இழுத்து மூடிவிட்டுப் போகிறது.

எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெண்ணின் மேல் இல்லை. விற்கக் கற்றுக் கொடுத்த எவரும், போட்டோ எடுக்கவும் ரீல்ஸ் போடவும் வகுப்பெடுத்த எவரும், தொலைந்து போவதற்கென்று முதல் நாளே பணம் ஒதுக்கி வை என்று அவளுக்குச் சொல்லித் தரவில்லையே, அந்தக் கோபம்.

நீங்கள் பிறந்த மண்ணைப் பாருங்கள். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசு செய்கிறார்கள். கம்பி இழுக்கும்போதும் அரம் போடும்போதும் மெருகேற்றும்போதும் வெள்ளி உதிரும். உதிர்ந்த வெள்ளிக்காக எந்தப் பட்டறைக்காரரும் பட்டறையைப் பூட்டியதில்லை. கூலியோடு சேதாரத்தையும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்கிறார். ஒவ்வொரு கொலுசிலும் கொஞ்சம் போகும் என்று தெரிந்தே உலையைப் பற்ற வைக்கிறார். பார்சலுக்கும் சேதாரம் உண்டு. அதைப் போடாமல் நீங்கள் விலை சொல்லிக்கொண்டிருந்தால், விலையே தப்பு.

கணக்குக்கு வருவோம். பேனாவை எடுங்கள்.

மாதம் 200 பார்சல் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலை உங்களுக்கு அடக்கம் 450 ரூபாய். கவரும் கூரியரும் 70. ஆக ஒரு பார்சல் போனால் உங்கள் கையை விட்டுப் போவது 520 ரூபாய். விற்ற விலை 800 என்பதை நினைத்து அழ வேண்டாம்; வேறொரு சேலையை அனுப்பிவிட்டால் அந்த 800 உங்களிடம்தான் இருக்கிறது. 200-ல் இரண்டு தொலைகிறது என்றால் மாத நஷ்டம் 1,040 ரூபாய். 200 பார்சலுக்கும் பங்கிட்டால் தலைக்கு 5 ரூபாய் 20 காசு. எட்டு ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ரூபாய்! இதற்கா போனைக் கவிழ்த்து வைத்தோம்?

மாதம் 1,600 ரூபாய் சேர்கிறது. இரண்டு பார்சல் போனாலும் 560 மிஞ்சுகிறது. ஒரு வருஷத்தில் 6,720 ரூபாய். இரண்டு என்பது நான் போட்ட எண். உங்கள் எண் உங்கள் நோட்டில் இருக்கிறது. போன ஆறு மாதத்தில் எத்தனை அனுப்பினீர்கள், எத்தனை போய்ச் சேரவில்லை, எத்தனை கிழிந்து போய்ச் சேர்ந்தது என்று எழுதிப் பாருங்கள். எழுதாதவரைக்கும் அது பூதம். எழுதிவிட்டால் வெறும் வகுத்தல் கணக்கு.

இந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலக்கக் கூடாது. சீட்டுக்குக் கட்டக் கூடாது. அஞ்சலகத்தில் 500 ரூபாய் கொடுத்தால் சேமிப்புக் கணக்கு திறந்துவிடலாம். ஐந்து பார்சலின் அடக்கத்தை, அதாவது 2,600 ரூபாயை, முதலிலேயே போட்டுவிடுங்கள். நிதி வளர்வதற்கு முன்பே பார்சல் தொலையலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரம் போன பார்சல் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி அதில் போடுங்கள். இதுதான் பெரிய கம்பெனிகள் சுயக் காப்பீடு என்று சொல்லிச் செய்கிற வேலை. உங்களுக்கும் அது கைக்கெட்டும்.

எல்லை ஒன்று உண்டு. அந்த நிதியில் கால் பங்குக்கு மேல் விலையுள்ள எந்தப் பொருளும் அதை நம்பிப் போகக் கூடாது. கையில் 10,000 இருக்கும்போது 6,000 ரூபாய் வெண்பட்டை அனுப்புகிறீர்களா? தபாலில் இன்ஷூர் செய்து அனுப்புங்கள், மதிப்பை எழுதிக் கொடுங்கள், கட்டணத்தைக் கட்டுங்கள். சின்ன அடியை நாமே தாங்குவோம், பெரிய அடியை விலை கொடுத்து அடுத்தவர் தோளில் வைப்போம்.

அடுத்தது, மூட்டை. ஒரு பார்சல் தொலைவது வேறு, நாற்பது பார்சலை ஏற்றிய ஒரே லாரி கவிழ்வது வேறு. தொப்பூர் பக்கம் லாரி கவிழ்ந்த செய்தி நமக்கு அடிக்கடி வருவதுதான். 2023 டிசம்பரில் முதலில் சென்னையும், இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கின. ரயிலும் நின்றது, ரோடும் நின்றது. அப்படிப்பட்ட வாரத்தில் தலைக்கு எட்டு ரூபாய்க் கணக்கு தாங்காது. ஆகவே ஒரே நாளில் போகிற சரக்கைப் பாதி ஸ்பீடு போஸ்ட், பாதி கூரியர் என்று பிரியுங்கள். நிதி 20 பார்சலின் அடக்கத்தைத் தொடுகிறவரை அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

“கூரியர்காரன் தருவானே, நான் ஏன் ஒதுக்கணும்?” என்று கேட்பவர்கள் இதைப் படியுங்கள். பாரதி நிட்டிங் என்ற பின்னலாடை நிறுவனம் 1990 கோடை சீசனுக்காக ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பியது. அந்தச் சரக்குக்கான ஆவணங்களை டிஹெச்எல் கூரியரில் போட்டது. கவர் போய்ச் சேரவில்லை. நகல் எடுத்து அனுப்பிச் சரக்கை மீட்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது. வாங்குகிறவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சத்துக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது: நூறு டாலர். ஏன்? ரசீதின் பொடி எழுத்தில் பொறுப்பு அவ்வளவுதான் என்று அச்சடித்திருந்தது. அனுப்பியவர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். உங்கள் பையில் கிடக்கிற ரசீதின் பின்பக்கத்தை இன்றைக்கே திருப்பிப் படியுங்கள்.

தபாலும் அப்படித்தான். 1898-ஆம் வருஷத்து அஞ்சலகச் சட்டம், தொலைந்தால் அரசு பொறுப்பில்லை என்று சொன்னது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டமும், விதிகளில் வகுத்த அளவுக்கு மேல் பொறுப்பு இல்லை என்றே சொல்கிறது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்பதுதான் நெடுநாளாக இருக்கிற விதி. 70 ரூபாய் கட்டியிருந்தால் 140 வரும். சேலைக்கு அது போதுமா?

இதையெல்லாம் சொல்வது சோர்ந்து போவதற்கில்லை. இருக்கிற உரிமையை விடாமல் பிடுங்கி வாங்குவதற்கு! 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர் ஏஜென்சிகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதன் விதிகளின்படி பொறுப்பின் உச்சவரம்பு சரக்குக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்கு, நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேற்படாமல். 70 கட்டியிருந்தால் 700 வரை கேட்க இடம் இருக்கிறது. வழக்கு என்று போவதானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போனில் கத்தியது கணக்கில் வராது. மதிப்பை எழுதாமல் கொடுத்த பார்சலுக்கு வாதாட நாதியில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் ரசீதில் மதிப்பை எழுதச் சொல்லுங்கள். கவுன்ட்டர்காரர் முகம் சுளித்தாலும் எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கூச்சம் வேண்டாம்.

நம் முன்னோருக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் சீமையில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் மாட்டுவண்டிச் சரக்கோடு நடமாடினார்கள். வழியில் கொள்ளை. இறக்கி வைக்கப் பாதுகாப்பான இடமில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். அந்தக் காசில் வண்டியும் சரக்கும் ராத்தங்கப் பேட்டை கட்டினார்கள். மகமை பெருகியது; ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை 1889-ல் எழுந்தது அந்தப் பணத்தில்தான். நஷ்டத்துக்குப் பயந்து சிறுகச் சிறுக ஒதுக்கியவர்கள் ஒரு சமூகத்தையே கல்விக்குள் கொண்டு வந்து நிறுத்தினார்கள்! ஓமலூரில் உட்கார்ந்து எட்டு ரூபாய் ஒதுக்குவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் விருதுநகர் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் “இன்சூரன்ஸ் கட்டணம்” என்று தனியாக வாங்காதீர்கள். காப்பீட்டுத் தொழில் செய்ய 1938-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு வேண்டும். உங்கள் எட்டு ரூபாய் சேலை விலைக்குள்ளேயே இருக்கட்டும். ஜிஎஸ்டி எடுத்தவர்கள், தொலைந்த சரக்குக்கு உள்ளீட்டு வரிக் கிரெடிட் கிடையாது என்பதையும் அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பார்சல் கட்டுகிற மேசைக்கு வாருங்கள். தொலைந்தது என்று நாம் நினைக்கிற பார்சல்களில் பல, லேபிள் போய் ஏதோ ஒரு குடோன் மூலையில் அநாதையாகக் கிடப்பவை. அந்தச் சூட்டுப் பிரின்ட் லேபிள் இருக்கிறதே, வெயிலில் கறுக்கும், உரசினால் மங்கும், மழையில் ஊறும். அதன் ஓரங்களை மட்டும் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள், பார்கோடு மேல் டேப் படாமல், மடிப்பு விழாமல்; டேப்பின் பசை பட்டாலும் அந்த எழுத்து மங்கும். சேலையை முதலில் பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டுங்கள். அந்தக் கவருக்கு உள்ளே பெறுநர் பெயர், போன் நம்பர், உங்கள் போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை வையுங்கள். வெளி உறை கிழிந்தாலும் அந்தச் சீட்டு பேசும். பழைய அட்டைப் பெட்டியை மறுபடி எடுத்தால் அதிலுள்ள பழைய பார்கோடை நகத்தால் சுரண்டி எடுத்தே தீருங்கள். ஸ்கேனர் பழையதைப் படித்தால் திருச்சி போக வேண்டியது திப்ருகர் போகும். கடைசியில் தராசில் வைத்து, எடையும் லேபிளும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ. தேதியோடு இருக்கட்டும். கல்லை வைத்து அனுப்பினாய் என்று எவரும் சொல்ல முடியாதபடி, மூடி ஒட்டுவதை வீடியோ எடுங்கள்.

வாங்கிக்கொண்டே வரவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மற்ற எல்லோரையும் சந்தேகப்படாதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் இப்போது ஓடிபி சொன்னால்தான் கொடுக்கிற வசதி வந்திருக்கிறது. கூரியர்கள் பலவற்றிலும் உண்டு. விலை கூடின சேலைக்கு அதைப் போடுங்கள்.

இப்போது அதே மெசேஜ் வரட்டும். “அக்கா, ஆறு நாளா ட்ரான்சிட்னே காட்டுதுங்க.” போனைக் கையில் எடுங்கள். உங்கள் கணக்கில் பணம் இருக்கிறது, உங்கள் நோட்டில் எண் இருக்கிறது. “கண்ணு, நான் கூரியர்ல விசாரிச்சுட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அசையலைன்னா அன்னைக்கே வேற சேலை போட்டு விட்டுடறேன், பணம் திருப்பி வேணும்னாலும் சொல்லுங்க.” நாலு வரி. கெஞ்சல் இல்லை, சாக்கு இல்லை, கூரியர்காரன் மேல் பழி இல்லை. முகம் தெரியாத கடையில் முதல் முறை வாங்கிய அந்தப் பெண் இந்தப் பதிலைப் பார்த்ததும் என்ன செய்வாள்? தன் நாத்தனாருக்கு உங்கள் நம்பரைக் கொடுப்பாள். சொன்ன நாளில் சொன்னபடி மறு சேலையை அனுப்பிவிடுங்கள். ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

அனுப்பிவிட்டு வந்து கூரியருக்கு எழுத உட்காருங்கள். கன்சைன்மென்ட் நம்பர், புக் செய்த தேதி, எழுதிக் கொடுத்த மதிப்பு, கட்டிய கட்டணம், எடைப் படம், கேட்கிற தொகை. அரைப் பக்கம் போதும். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். பிறகு சுவரில் தொங்குகிற நாள்காட்டியில் புக் செய்த தேதியிலிருந்து 180-ஆவது நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு, அடுத்த ஆர்டரைக் கட்டத் தொடங்குங்கள்.