பரணும் படகும்

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் பரண் இல்லாத வீடு அபூர்வம். கொலுப் படி, வெண்கலப் பானை, கால் ஒடிந்த தொட்டில் எல்லாம் அங்கே ஏறிவிடும். இன்றைய தியாகராய நகர் அடுக்குமாடி வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் இழுப்பறை. தச்சரை அழைத்து, "ஒரு மூலையும் வீணாகக் கூடாது" என்கிறோம். காலியாக இருக்கும் இடமெல்லாம் வீணான இடந்தானா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தகுந்தவர்கள், நம்மைவிடக் குறுகிய இடத்தில் மாதக்கணக்கில் வாழ்ந்தவர்கள். 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் நம் கடற்படைப் பெண்கள் இருவர் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஒருவர் கேரளத்துத் தில்னா. மற்றவர் புதுச்சேரி ரூபா. 2025 மே 29இல் திரும்பினார்கள். படகின் நீளம் 56 அடி. வழியில் நான்கு துறைமுகங்கள்; மற்றபடி தண்ணீர்தான். உணவு, மருந்து, கருவி எல்லாம் அந்தக் கூட்டுக்குள்ளேயே அடங்க வேண்டும்.

அப்படிப்பட்ட படகின் உட்புறத்தில் அலமாரி அமைக்கும் தச்சருக்குச் சில விதிகள் உண்டு. கனமான பொருள் கீழே, நடுவே இருக்க வேண்டும். மேலே ஏறினால் படகு தள்ளாடும். தட்டின் விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குச் சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் அலையிலேயே எல்லாம் உருண்டுவிடும். கதவில் காற்றுக்குத் துளை வேண்டும். இல்லையேல் உள்ளே பூஞ்சணம். வெறும் தடுப்பு என்று நினைத்துக் குறுக்குப் பலகையை அறுத்துவிடக் கூடாது. படகின் விலாவைத் தாங்குவதே அதுவாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிப்புறத்தைக் கை எட்டாதபடி அடைத்துவிடக் கூடாது. நீர் கசிந்தால் உடனே தெரிய வேண்டுமே! அங்கே காலி இடம் உயிரைக் காக்கிறது.

"வீடு படகாகுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பஞ்சம் பார்த்த தலைமுறை எதையும் எறியாமல் சேர்த்தது பேராசையால் அல்ல, பயத்தால். பாட்டியின் வெண்கலப் பானை வெறும் பாரமும் அல்ல. ஆனால் நினைவுக்காக வைத்திருக்கும் பொருள் கண்ணில் பட வேண்டாமா? பத்து வருஷமாகப் பரணில் தூசு தின்னும் பானையில் யாருடைய நினைவு வாழ்கிறது?

வீடு படகாகாது என்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மக்கள் கைக்கு அடங்கியதோடு வெளியேறினார்கள். எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்த்ததில் எதை எடுப்பது என்று சில நிமிஷங்களில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கடலோடி புறப்படும் முன்பு நிதானமாகச் செய்வதை அவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று செய்தார்கள்.

இன்னொரு அலமாரி வேண்டுமென்று தோன்றும்போது தச்சருக்குச் சொல்லி அனுப்பலாம்; தவறில்லை. அதற்கு முன் ஒரு நாள், ஏற்கெனவே இருக்கும் அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது. கசிவு எங்கே என்று அப்போதுதான் தெரியும்.