மூன்றாம் நாள் ராத்திரி



இந்த மாதம் ஒரு காரியத்தைக் குறித்து என் உள்ளத்தில் பாரம் உண்டாயிருக்கிறது. குடியை விட்டு வருகிற மனுஷனுடைய முதல் ஒரு வாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பத்து இருபது வருஷமாய்த் தினமும் குடித்த ஒருவன் ஞாயிறு ஆராதனையில் அழுது ஜெபிக்கிறான். "இனி தொடமாட்டேன்" என்று தீர்மானம் எடுக்கிறான். சபையே கைதட்டி தேவனை மகிமைப்படுத்துது. அல்லேலூயா! அன்று சாயங்காலமே கை நடுங்குது. மறுநாள் ஒரு வலிப்பு. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊருதுன்னு அலறுகிறான். கட்டின மனைவியையே யாருன்னு கேட்கிறான். உடனே வீட்டிலே என்ன சொல்றாங்க? "பாஸ்டர், விட்டுப்போன பிசாசு திரும்ப வந்திருச்சு, சீக்கிரம் வாங்க!"

நான் போவேன், ஜெபிப்பேன். ஆனால் போனவுடனே, "கடைசியா எப்போ குடிச்சார்? தினமும் எவ்வளவும்மா?" என்று கேட்பேன். பதில் வந்ததும், "108-க்கு போன் போடுங்க" என்பேன். சிலருக்கு அது இடறல். "பாஸ்டருக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சா?" என்பார்கள். பிரியமானவர்களே, கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

நம்முடைய மூளையிலே நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகிற ரசாயனங்களைத் தேவன் வைத்திருக்கிறார். அதில் காபா என்பது பிரேக் மாதிரி, மூளையை அமர்த்தும். குளுட்டமேட் என்பது ஆக்சிலரேட்டர் மாதிரி, அதை முடுக்கும். சாராயம் உள்ளே போனால் பிரேக்கை அழுத்துது, ஆக்சிலரேட்டரைத் தடுக்குது. அதனால்தான் குடித்தவனுக்கு முதலில் பயம் போகுது, அப்புறம் நாக்கு குளறுது, கால் தள்ளாடுது.

தினமும் இப்படி அழுத்தினால் மூளை சும்மா இருக்குமா? அது தன் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரைக் கூட்டி, சாராயத்துக்கு எதிராய்ப் பழகிக்கொள்ளும். திடீரென்று குடியை நிறுத்தினால்? பிரேக் இல்லாத பஸ் மலையிறக்கத்தில் ஓடுகிற கதைதான். முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் காய்ச்சல், படபடப்பு, இல்லாததைக் காண்பது, இடம் நேரம் தெரியாமை. எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போவதில்லை. போனவர்களுக்கோ இது உயிருக்கே ஆபத்து. 1813-ல் தாமஸ் சட்டன் என்ற இங்கிலாந்து வைத்தியர் இதற்கு டெலிரியம் டிரெமென்ஸ் என்று பெயர் வைத்தார். அக்காலத்தில் அநேகர் மரித்தார்கள். இன்று நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

"ஒரு போதையை விட்டவனுக்கு இன்னொரு போதை மாத்திரையா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். டாக்டர் கொடுக்கிற லிப்ரியம் போன்ற மாத்திரை அந்த காபா பிரேக்கைத்தான் பிடித்துக் கொடுக்குது. அதைச் சில நாளுக்கு மட்டும், அளவைக் குறைத்துக் குறைத்து, டாக்டர் கண்காணிப்பில் கொடுத்து நிறுத்துவார்கள். நாமாகக் கடையில் வாங்கித் தொடர்ந்தால் அதுவும் அடிமையாக்கும், செய்யாதீர்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். குடிகாரன் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே சேதம் வரலாம்.

ஆகையால் ஊழியக்காரரையும் விசுவாசிகளையும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மனுஷனை அந்த வாரம் உபவாச ஜெபத்தில் உட்கார வைக்காதீர்கள். சோறும் தண்ணியும் இல்லாமல் கட்டிப்போடாதீர்கள், இருட்டறையில் பூட்டாதீர்கள். உபவாசம் இருக்க வேண்டுமானால் அவனுக்காக நாம் இருப்போம்! சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் என்ன கொடுத்தார்? பிரசங்கமா? தூக்கமும் அடையும் தண்ணீரும் அல்லவா! (1 இராஜாக்கள் 19)

வருஷக்கணக்காய்த் தினமும் குடிக்கிறவர், விட முடிவு பண்ணின அன்றைக்கே டாக்டரைப் பார்க்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்குது. ஏற்கெனவே நிறுத்திவிட்டு வலிப்போ குழப்பமோ வந்தால் விடியும்வரை காத்திராதீர்கள்.

ஆபத்து கடந்த பிறகும் சில வாரங்கள் தூக்கம் வராது, எரிச்சல் வரும், மனசு சோர்ந்துபோகும். மூளை தன் அளவுக்குத் திரும்ப நாள் எடுக்கும். சகோதரிகளே, அவர் சிடுசிடுத்தால் உடனே பின்மாற்றம் என்று தீர்த்துவிடாதீர்கள். சபையாரே, அடுத்த ஞாயிறே மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

காயப்பட்டவனை நல்ல சமாரியன் வழியில் விட்டுவிட்டா போனான்? காயத்தைக் கட்டி, சத்திரம்வரை கொண்டுபோய், காசும் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொன்னான். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் குடியை விடும்போது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிடுகிற கையும் ஜெபிக்கிற கைதான். மறவாதிருங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்!