ஜெபமும் ஒரு நாட்கூலியும்

மனிதன் அறிய வேண்டியவற்றுள் மிக அரியது தன் மனத்தை அறிதலே. பிறர் குற்றத்தைக் காண நம் கண்களே போதும். தன் குற்றத்தைக் காண வேறொரு வெளிச்சம் வேண்டியிருக்கிறது. அவ்வெளிச்சத்தைத் தேவனிடம் கேட்பதையே கிறிஸ்தவர்கள் ஞானத்துக்காகச் செய்யும் ஜெபம் என்பர். ஆயினும், கேட்டபின் நெஞ்சில் எழும் விடை தேவனுடையதா, நம் ஆசையினுடையதா என்பதை எங்ஙனம் அறிவது? இவ்வினாவைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். கிறிஸ்தவரல்லாதாரும் இதனைத் தமக்குப் புறம்பான பொருளென்று தள்ளிவிட வேண்டா. தம் மனச்சாட்சியோடு பேசுவோர் யாவர்க்கும் இவ்வினா உரியதே.

இவ்விஷயத்தில் இரு சாரார் தவறுகின்றனர். ஒரு சாரார் ஜெபத்தைக் குறி கேட்பதாக்கிவிட்டனர். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் கொண்டு பெண்ணுக்கு மாப்பிள்ளையை நிச்சயிக்கவும், வீட்டுக்கு முன்பணம் கட்டவும் துணிகின்றனர். கிளி சீட்டெடுப்பதை மூடப்பழக்கமென்று நகைக்கும் இவர்கள், கிளியின் வேலையைத் தம் விரலுக்குக் கொடுத்திருப்பதை உணர்வதில்லை.

மற்றொரு சாராரோ, அறிவிருக்க ஜெபம் எதற்கு என்பர். இவர்களுக்கு நெகேமியாவின் சரித்திரமே விடையாகும். அவன் பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் பானபாத்திரக்காரன். உனக்கு வேண்டுவது யாதென்று அரசன் வினவியபோது, வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட கணத்தில் அவன் மனத்துக்குள் ஜெபித்தான். பின்னர் வாளா இருந்தானோ? இல்லை, எருசலேமுக்குச் சென்று திரும்பும் காலத்தைக் குறித்தான், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான், மரத்துக்கும் கடிதம் கேட்டான். மதில் கட்டும்போது பகைவர் சூழ, ஜெபமும் செய்தான். இரவும் பகலும் காவலும் வைத்தான். அவன் ஜெபம் அறிவை உறங்கச் செய்யவில்லை, விழித்திருக்கச் செய்தது.

இனி, எம் அனுபவமொன்றைக் கூறுவோம். யாம் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக வேலை பார்த்து வருகிறோம். சில ஆண்டுகட்கு முன் ஒரு மாதம், சம்பளம் போட்டு முடிந்த பின்னர், செக்ரோலைக் களப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு மூதாட்டியின் பெயருக்கு நேரே ஒரு நாள் விடுபட்டிருந்தது. பிழை எம்முடையதே. அதைத் திருத்த வேண்டுமாயின் மேலாளரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்; அவ்வாண்டில் முன்னரே இரு பிழைகளுக்காக எச்சரிக்கப்பட்டிருந்தோம். மூதாட்டிக்கோ எழுத்துத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை.

அன்றிரவு முழங்காற்படியிட்டு வழிகாட்டுமாறு வேண்டினோம். ஆங்கிலப் பள்ளியில் மனப்பாடஞ் செய்த அழகிய சொற்கள் தடையின்றி வந்தன. எழுந்தபோது மனத்தில் பேரமைதி. அடுத்த மாதம் எப்படியேனும் சரிக்கட்டிவிடலாம், இப்பொழுது வாய் திறக்க வேண்டுவதில்லை என்று தோன்றியது. அதுவே தேவ சித்தமென்று கொண்டு நன்றாக உறங்கினோம்.

மறுநாள் விடியற்காலை, பெரட்டில் அம்மூதாட்டி வழக்கம்போலச் சாக்குடன் நின்றார். எம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எம்மால் அவர் முகத்தை ஏறிட்டு நோக்க இயலவில்லை. இரவில் கிடைத்த அமைதி, பகலில் ஒரு மனித முகத்தின் முன் நில்லாதாயின், அஃது எங்கிருந்து வந்த அமைதி?

அன்று மாலை யாக்கோபின் நிருபத்தை எடுத்து வாசித்தோம். அறிவு போதாதவன் தேவனை நாடலாம், அவர் முகஞ்சுளியாது ஈவார் என்னும் உறுதி அதன் முதலாம் அதிகாரத்தில் உள்ளது. அதனை நம்பியன்றோ முழங்காற்படியிட்டோம்! ஆனால் அந்நிருபத்துக்கு ஐந்து அதிகாரங்கள் உண்டு. கடைசி அதிகாரத்தில், வயலறுத்தோருக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலியே வாய்பெற்று முறையிடுவதாகவும், அம்முறையீடு கர்த்தருடைய செவிக்கு எட்டிவிட்டதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் அதிகாரத்தை வைத்துச் செய்த ஜெபத்துக்கு விடை ஐந்தாம் அதிகாரத்தில் காத்திருந்தது! எம் ஜெபம் போய்ச் சேருமுன்னரே அம்மூதாட்டியின் ஒரு நாட்கூலி அங்கே சென்று சேர்ந்துவிட்டது போலும்.

மறுபடியும் ஜெபித்தோம். இம்முறை ஆங்கிலம் வரவில்லை. அவர் பெயரைச் சொல்லி, நாளைச் சொல்லி, தொகையைச் சொல்லித் தமிழில் வேண்டினோம். கேள்வியை நேராகக் கேட்டதே விடையாயிற்று.

காலையில் மேலாளரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். கடுஞ்சொல்லும் கேட்டோம், எச்சரிக்கைக் கடிதமும் பெற்றோம். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. விடுபட்ட கூலியைக் கையில் கொடுத்தபோது அம்மூதாட்டி, “அன்னிக்கு வேலைக்கு வந்தேன்னு எனக்குத் தெரியுங்க, கிராணி ஐயா. உங்களுக்குத் தெரியுமான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். எமக்கு நேர்ந்த வெட்கத்தை எழுத இயலாது.

இதனின்று யாம் கற்றது யாது? சாலொமோன் அரசன் கிபியோனில் கண்ட சொப்பனத்தில், நீண்ட ஆயுளையும் செல்வத்தையும் கேளாமல், நன்மை தீமையைப் பகுத்தறிந்து நியாயம் விசாரிக்கும் உள்ளத்தைக் கேட்டான். அதன்பின் வேதாகமம் எடுத்துரைக்கும் வழக்கு, ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் தாயென்று வாதிட்டதாம். பட்டயத்தைக் கொண்டுவரச் சொல்லி, குழந்தையை இரண்டாக்கிப் பங்கிடக் கட்டளையிட்டான். குழந்தை பிழைக்குமாயின் தான் இழக்கவும் சம்மதித்தவளே தாயென்று கண்டான்.

நம் நெஞ்சிலும் இரு குரல்கள் வழக்காடுகின்றன. இரண்டும் தேவன் பெயரையே சொல்லுகின்றன. அயலான் பிழைக்கத் தான் இழக்கச் சம்மதிக்கும் குரல் எதுவோ, அதனையே நம்பலாம். தனக்கு ஒரு நட்டமுமின்றி அயலானை வெட்டிப் பங்கிட இசையும் குரல் எவ்வளவு அமைதியாகப் பேசினும் அதனை ஐயுறவேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இவ்வளவுகோல் அவனவன் தன்னையே அளப்பதற்குரியது. வலியவன் எளியவனை நோக்கி, நீ இழப்பதே தேவ சித்தமென்று போதிப்பதற்குரியதன்று. அங்ஙனம் போதிப்பது ஜெபமாகாது, வஞ்சகமேயாகும்.

ஒருநாள் கேட்டுப் பெற்ற ஞானம் ஆயுள் முழுதும் நில்லாது என்பதற்கும் அச்சாலொமோனே சாட்சி. அவன் 30,000 பேரை ஊழியத்துக்குப் பிடித்து, மாதத்துக்கு 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பினான். முதுமையில் அவன் இருதயம் வழிவிலகிற்று. அவன் இறந்தபின், தந்தை வைத்த நுகத்தை இலகுவாக்குமாறு ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமை வேண்டினர். முதியோர் இணங்கச் சொன்னார்கள். உடன் வளர்ந்த வாலிபர் பாரத்தைக் கூட்டச் சொன்னார்கள். அவன் தன் செவிக்கு இனித்த ஆலோசனையையே கொண்டான். இராச்சியம் இரண்டாகப் பிளந்தது. உழைப்பாளியின் முறையீட்டுக்குச் செவி அடைத்தவனுக்கு ஞானத்தின் கதவும் அடைபட்டது.

ஆதலின் நேயர்களே, ஜெபம் நாடோறும் செய்யற்பாலது. அன்றைய கணக்கோடு செய்யற்பாலது. எனக்கு வழி காட்டும் என்று பொதுவாகக் கேட்பது எளிது. இன்று எவர் முகத்தைப் பார்க்கக் கூசினேன், எவருக்குக் கொடுக்க வேண்டியதை மறந்தேன் என்று பெயர் சொல்லிக் கேட்பதே கடினம். அங்ஙனம் கேட்பவனுக்கு வானத்திலிருந்து குரல் வர வேண்டுவதில்லை. விடியற்காலைப் பெரட்டில் அவ்விடை சாக்குடன் வந்து நிற்கும். அதனை ஏறிட்டு நோக்கும் துணிவையே யாம் இப்பொழுது இரவுதோறும் வேண்டி வருகிறோம்.