இலவசத்துக்குத் தேய்மானம் உண்டா?

"என் சொந்தக் கையால் கட்டிய வீடு" என்று ஒருவர் சொன்னால் நாம் ஆட்சேபிப்பதில்லை. கொத்தனார், சித்தாள், செங்கல் சூளைக்காரர் எல்லோருக்கும் காசு கொடுத்தாச்சு. கணக்கு நேர். சரி, அதில் பாதிப் பேர் கூலியே வாங்காமல் கட்டிக் கொடுத்திருந்தால்? கணக்கை எப்படி முடிப்பீர்கள்?

விளையாட்டுக் கேள்வி இல்லை. கம்ப்யூட்டர் உலகம் தினமும் இப்படித்தான் கட்டப்படுகிறது.

விசிட் என்று ஒரு சாஃப்ட்வேர். கலிஃபோர்னியாவில் இருக்கும் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1992-க்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டை வெடித்துப் பார்ப்பதை நிறுத்தி, சூப்பர் கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தது. மலைபோல் குவியும் அந்த எண்களை வெறுமனே பார்த்தால் யாருக்கு என்ன புரியும்? படமாக்கிக் காட்ட ஒரு கருவி தேவைப்பட்டது. அதுதான் விசிட். இப்போது நட்சத்திர வெடிப்பை ஆராய்கிறவர்கூட அதை எடுத்துக்கொள்ளலாம். விலை கிடையாது. சோர்ஸ் கோடும் கூடவே வரும்.

'ரெடிமேடாக எடுக்காதே, சோர்ஸ் கோடிலிருந்து நீயே கட்டு. உள்ளே இருப்பது தெரியும், யாரையும் நம்ப வேண்டியதில்லை' என்பார்கள் சிலர்.

கட்டித்தான் பாருங்களேன். முதலில் விடிகே வேண்டும். 1993-ல் மூன்று பேர் தங்கள் பாடப்புத்தகத்துக்குத் துணையாகத் தொடங்கியது அது. ஜன்னல், பட்டன் வரைய நார்வேயில் பிறந்த க்யூட். நெதர்லாந்தில் பிறந்த பைதான். எல்லாவற்றுக்கும் அடியில், டேட்டாவைச் சுருக்கி விரிக்க ஸீலிப். 1995-ல் ஷான்-லூ காய்லி, மார்க் அட்லர் என்ற இருவர் எழுதி இலவசமாக விட்டது. இதையெல்லாம் வரிசையாக இறக்கிக் கட்டுவதற்கென்றே தனியாக ஒரு ஸ்கிரிப்ட், மணிக்கணக்கில் ஓடும். அத்தனை லட்சம் வரிகளையும் யார் படிப்பது? நீங்களா, நானா?

படித்தாலும் தீராது என்றார் கென் தாம்சன். யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவர். 1984-ல் வெளியான தன் ட்யூரிங் விருது உரையில், கம்பைலரிலேயே திருட்டு வாசல் வைக்கலாம், சோர்ஸ் கோடில் அதன் சுவடே இல்லாமல் செய்யலாம் என்று விளக்கினார். ஆக, நீங்களே கட்டினாலும் நம்பிக்கை வைத்தே ஆகவேண்டும். யார் யாரை நம்புகிறோம் என்ற பட்டியல் கைக்கு வரும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்?

எக்ஸ்இசட் என்று இன்னொரு சுருக்கும் சாஃப்ட்வேர். உலகத்து லினக்ஸ் மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும். பல வருஷம் அதைப் பராமரித்தவர் லாஸ்ஸே காலின் என்ற தனி மனிதர், சம்பளம் இல்லாமல். 2022-ல் சிலர் அவரை நச்சரித்தார்கள்: ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடேன். மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று சொல்லிப் பார்த்தார். அப்போது உதவிக்கு இருந்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர். பொறுமையானவர், உழைப்பாளி. பொறுப்பு மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது.

2024-ல் வெடித்தது. கட்டும்போது மட்டும் விழித்துக்கொள்கிற மாதிரி விஷத்தை உள்ளே வைத்திருந்தார் ஜியா டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினீயர், லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று உறுத்தித் தோண்டியதால் மார்ச் 29 அன்று குட்டு வெளிப்பட்டது. சோர்ஸ் கோடு திறந்திருந்ததன் பலன் இது: சந்தேகப்பட்டவரால் தோண்ட முடிந்தது.

நச்சரித்தவர்களும் போலிகளாக இருக்கலாம் என்று பின்னால் பலர் சந்தேகித்தார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்தக் கோபம் போலி என்று அன்றைக்கு ஏன் யாருக்கும் தோன்றவில்லை? நிஜமான பயனாளிகளின் கோபமும் அதே குரலில்தான் இருக்கும் என்பதால். திருடன் ஒளிந்துகொண்டது நம் வழக்கமான நன்றிகெட்டதனத்துக்குப் பின்னால்.

'அவர்களாகத்தானே கொடுத்தார்கள், உத்தரவாதம் இல்லை என்று எழுதியும் விட்டார்களே, இதில் கடன் எங்கே வந்தது?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். கொடுத்தவர் வட்டி கேட்கவில்லை. ஆனால் இலவசமாக வாங்கிக்கொண்டவருக்கு அதட்டும் உரிமை எங்கிருந்து வந்தது? அதே 'உத்தரவாதம் இல்லை' என்ற வரி, அந்த உரிமையைத்தானே முதலில் ரத்து செய்கிறது!

பி.காமில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம். காசு கொடுத்து வாங்கிய மெஷின் வருஷா வருஷம் தேயும், அதற்கு ஒதுக்கி வை என்பார்கள். சும்மா வந்தது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஏறாததற்குத் தேய்மானமும் இல்லை. எக்ஸ்இசட் விஷயத்தில் தேய்ந்துகொண்டிருந்தது ஒரு மனிதர்.

லாபம் பார்க்கும் கம்பெனிகள் இவர்களுக்குச் சம்பளம் தரட்டும். அது அவர்கள் பாடு. நம் அளவில்? இலவசமாக எடுக்கும் சாஃப்ட்வேரில், எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று எங்காவது இருக்கும். 'அப்டேட் எங்கே?' என்று டைப் அடிக்கும் முன் அதைத் திறந்து எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு பெயர் இருந்தால், கேள்வியை அழித்துவிட்டு 'நல்லா இருக்கீங்களா?' என்று எழுதுங்கள்.