சுமாருக்கு எத்தனை மார்க்கு?

கெட்ட வீடியோ விளையாட்டைத் திட்ட விமர்சகனுக்குப் பேனா தானாக ஓடும். சுமாரானது வந்தால்தான் திண்டாட்டம். நூற்றுக்கு 70 போட்டுக் கழன்றுகொள்வான். மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி சொல்லும் மெடாக்ரிடிக்கில் திரைப்படத்துக்கு 61 வந்தாலே பச்சை நிறம்; விளையாட்டுக்கு 75 வேண்டும். ஆகவே அந்த 70, மரியாதையாகச் சொன்ன ஃபெயில்!

2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ சுமாருக்கு மேலேயே. 85 சராசரி வந்தால்தான் அதைச் செய்த ஆப்ஸிடியனுக்கு போனஸ் என்று ஏற்பாடாம். அங்கிருந்த கிறிஸ் அவெலோன் 2012-இல் சொன்னார். வந்தது 84. அந்த ஒரு மார்க்கைக் குறைத்தது யார்? எல்லோரும்தான், அதனாலேயே யாரையும் கேட்க முடியாது.

நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன். திட்டுகிறவன்மேல் கோபம் வரும். ஆனாலும் அவன் படித்திருக்கிறான். ‘சுமார்’ என்று எண் போட்டவன், எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்றாவது எழுதக் கூடாதா?