வெளியேறும்போது எடுத்துச் செல்வது

அமெரிக்க விஞ்ஞானி எஸ்தர் லெடர்பெர்க், ஆய்வகங்களில் பல வருஷமாக வளர்ந்துவந்த ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஒரு வைரஸ் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார். பெயர் லாம்ப்டா. அதுவரை யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை. அவ்வளவு சாதுவாக இருந்தது.

பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்கு நடுவே தன்னைக் கோத்துக்கொண்டு, அது பெருகும்போது தானும் பெருகும். தன்னை அடக்கிவைக்கும் பூட்டுப் புரதத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். வெளியிலிருந்து இன்னொரு லாம்ப்டா வந்தால் அதே புரதம் அதையும் முடக்கிவிடும். நல்ல குடித்தனக்காரர்தான்.

புற ஊதாக் கதிர் படும்வரை. டி.என்.ஏ. சிதைந்ததும் பாக்டீரியா தன்னைப் பழுதுபார்க்க ரெக்-ஏ என்ற புரதத்தை முடுக்குகிறது. அதன் தூண்டுதலில் வைரஸின் பூட்டு தானே அறுந்துவிடுகிறது. வைரஸ் தன்னை வெட்டிக்கொண்டு வெளியே வந்து, பல பிரதிகளாகி, செல்லை உடைத்துப் போகிறது. உதவிக்குக் கூப்பிட்ட குரலே கொலையாளியை எழுப்பிவிட்டது.

இதை முதலில் படித்தபோது ‘துரோகம்’ என்றுதான் தோன்றியது. அந்தச் சொல்லை அதற்குமுன் நான் சொன்னது என் அறைத்தோழனைப் பற்றி. எனக்கு வேலை போன மாதம் அவன் அறையைக் காலி செய்தான்.

வைரஸுக்கு மனசு கிடையாது. அது துரோகம் செய்ய முடியாது. அப்போ அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? சும்மா இருந்ததை அன்பு என்று எடுத்துக்கொண்ட நம்மிடமிருந்துதான். அது வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவனும் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. லாம்ப்டா பெரும்பாலும் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும். அபூர்வமாக வெட்டு பிசகும். அப்போது, பக்கத்தில் இருக்கும், காலக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுக்களை எடுத்துக்கொண்டு, தன் மரபணுக்களில் சிலவற்றை விட்டுவிட்டுப் போகிறது. அதன்பின் அதனால் தனியாகப் பெருக முடியாது. ஆனால் காலக்டோஸைச் செரிக்கத் தெரியாத வேறொரு பாக்டீரியாவுக்குள் அது நுழைந்தால், அதற்கு அந்தத் திறமை வந்துவிடுகிறது. இதைத் திருட்டு என்பதா, கொடை என்பதா? வெட்டு ஒன்றுதான்.

எதற்கெடுத்தாலும் ‘பாத்துக்கலாம் விடு’ என்பான் அவன். இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. போன வாரம் அழுதுகொண்டிருந்த தங்கையிடம் நான் சொன்னது அதே வார்த்தை, அதே இழுவையோடு. அவளுக்கு அது உதவியது.

அவன் எடுத்துக்கொண்டு போனதை இதுவரை துல்லியமாகக் கணக்கு வைத்திருந்தேன். விட்டுப் போனதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் அவன் செய்தது சரியென்று ஆகிவிடாது. எண்ணாமல் விட்டால் என் கணக்குதான் பொய்.